நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பென்சாயிக் அமிலம் எப்போதும் எண்பத்தைந்து சதவீதம்தான் மீளும். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், மின்சாரம் இருந்தாலும் போனாலும், செய்கிறவர் கைதேர்ந்தவராக இருந்தாலும் பாதியைத் தரையில் கொட்டுகிறவராக இருந்தாலும், எண்பத்தைந்து. இது எப்படி என்று வெளியாள் யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்பது வேறு விஷயம்.

சோதனை என்னவோ எளிமையானதுதான். அழுக்குக் கலந்த பென்சாயிக் அமிலம் இரண்டு கிராமை ஒரு பொட்டலத்தில் தருவார்கள். கொதிக்கும் நீரில் அதைக் கரைத்து, சூடு ஆறுவதற்குள் வடிகட்ட வேண்டும். அழுக்கு வடிதாளில் நின்றுவிடும். வடிந்த நீர் ஆற ஆற, அதிலிருந்து வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னத் தகடுகளாகப் படிகம் இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அந்தப் படிகத்தை மறுபடி வடித்தெடுத்து, காயவைத்து, எடை பார்க்க வேண்டும். போட்டது இரண்டு கிராம், திரும்பக் கிடைத்தது இவ்வளவு, ஆகவே மீட்பு நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு எழுத வேண்டும். அதன் பிறகு 'பிழைக்கான காரணங்கள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே மூன்று வரி.

அந்த மூன்று வரியும் எங்களுக்கு முந்தைய வருடத்து ரெக்கார்டு நோட்டிலிருந்து வந்தவை. அவர்களுக்கு அதற்கு முந்தைய வருடத்திலிருந்து. தராசுப் பிழை, கண்பார்வைப் பிழை, மனிதப் பிழை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண்ணாடியே கிடையாது, எல்லோருக்கும் கண்பார்வைப் பிழை இருந்தது. மனிதப் பிழை என்றால் எந்த மனிதர், என்னதான் செய்தார் என்று ஒருவரும் எழுத மாட்டோம்.

எண்ணும் அதே வழியில்தான் வந்தது. ஆனால் முப்பது பேரும் எண்பத்தைந்து என்றே எழுதினால் மாட்டிக்கொள்வோம் அல்லவா, அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒற்றைப்படை எண் உள்ளவர்கள் அரை, ஒன்று என்று கூட்டிக்கொள்ள வேண்டும். இரட்டைப்படைக்காரர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். தேர்வன்று காலையில் வகுப்புத் தலைவி ஒவ்வொருவரிடமும் வந்து காதோடு அவரவர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவாள். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு போவதுபோல அவ்வளவு ஒழுங்காகப் போவாள்.

முதல் தடவை நான் அந்த எண்ணை எழுதாததற்குக் காரணம் நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம்தான். "உனக்கு எண்பத்தஞ்சர" என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு யாராவது இதைச் செய் என்று சொன்னால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிற புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்றைக்குத் தராசு இரண்டு புள்ளி இரண்டு நான்கு என்று காட்டியது. நானும் அதையே எழுதினேன். மீட்பு நூற்றுப் பன்னிரண்டு சதவீதம். கீழே தராசு, கண்பார்வை, மனிதர் மூவரையும் வரிசையாக நிறுத்தினேன்.

அந்த வருடம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், சிரித்த முகம். என் தாளை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"ரெண்டு கிராம் வாங்கிட்டு ரெண்டே கால் கிராமா திருப்பித் தர்றியேம்மா. என்ன வித்தை இது?"

எல்லோரும் சிரித்தார்கள். "வந்தத எழுதினேன் சார்" என்றேன் விறைப்பாக.

"சரி, வந்துச்சு. ஏன் வந்துச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பேனாவை மூடினார். செய்முறைத் தேர்வில் தோற்ற ஒரே ஆள் நான்தான். எண்பத்தைந்து எழுதிய இருபத்தொன்பது பேரும் தேறிவிட்டார்கள்.

எங்கள் ஊர் குடவாசலுக்கு அந்தப் பக்கம். கல்லூரி இருக்கும் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வந்து பஸ் மாறிப் போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். இப்போது நான்கு மா நிலம், ஒன்றேகால் ஏக்கர் போல, குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறோம். ரிசல்ட் வந்த அன்று அம்மா வாசலில் பதரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஃபெயிலும்மா."

"ஏன்? நல்லாத்தான செஞ்சேன்ன?"

"ரெண்டு கிராம் போட்டேன். ரெண்டே கால் கிராம் வந்துச்சு. கூட வந்துச்சாம், அதான்."

அம்மா துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஈரத்தோட நிறுத்தியா?" என்றாள்.

நான் பையைத் திண்ணையில் வைத்தேன்.

"பின்ன என்ன? போட்டதவிடக் கூட நிறை வந்தா தண்ணிதான். நெல்லு நனைஞ்சா மூட்ட கனக்காதா? இதச் சொல்றதுக்கு ஒனக்கு ஒரு காலேஜு."

தேர்வாளர் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா ஒரு நொடியில் சொன்ன பதிலை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் தேறியிருப்பேன். அன்று மழை. ஓவனுக்கு முன்னால் நீண்ட வரிசை. நின்று பொறுமையாகக் காயவைக்க எனக்குத் தோன்றவில்லை. எடை கூடியதும் ஏன் கூடியது என்று ஒரு நிமிடம் யோசிக்கவும் தோன்றவில்லை. இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். மற்ற எல்லாத் தாளிலும் தேறி, சித்திரையில் கல்லூரியை முடித்தேன். இந்த ஒரு அரியர் மட்டும் செருப்பில் ஒட்டிய களிமண்ணாகக் கூடவே வந்தது. ஆவணியில் நாகப்பட்டினத்தில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். இறால் பண்ணைக் குளங்களின் தண்ணீரைப் பரிசோதிக்கும் சின்ன ஆய்வகம். கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். அங்கே இருந்த அம்மாள் என் சான்றிதழ்களைத் திருப்பித் தரும்போது, "வேலை ஒங்களுக்குத்தாங்க. ஆனா எல்லாம் பாஸுன்னு மார்க் ஷீட் வேணும். தைப் பொங்கல் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல வேற ஆளத்தான் எடுக்கணும்" என்றார். ஐப்பசியில் தேர்வு, மார்கழியில் ரிசல்ட். இந்தத் தடவை தவறினால் வேலையும் போகும், இன்னொரு வருடமும் போகும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த முறை எண்பத்தைந்து. தராசு என்ன காட்டினாலும் எண்பத்தைந்து. ரோஷத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஐப்பசி வந்தது. குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்தன. எங்கள் பக்கம் இது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். அறுத்த நெல்லை வெயில் தலைகாட்டும்போதெல்லாம் தார்ச்சாலையில் ஓரமாக விரிப்போம். மேகம் கறுத்தால் ஓடிப்போய் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் வைத்திருப்பார்கள். ஈரம் கூட இருந்தால் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். வண்டி வைத்து அங்கே போய் மூட்டையோடு திரும்பி வரக் கட்டுப்படியாகாது என்பதால் போவதற்கு முன்பே நாங்கள் பார்த்துவிடுவோம். ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்க வேண்டும். டக்கென்று முறிந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம். தேர்வுக்கு முந்தின ஒரு வாரமும் நான் அந்த வேலையில்தான் இருந்தேன். சாலையில் போட்ட நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு நடப்பதும், பத்தடிக்கு ஒரு நெல்லை எடுத்துக் கடிப்பதும், துப்புவதும். ஒரு நாளைக்கு எத்தனை கடித்திருப்பேன் என்று எண்ணவில்லை. இரவு சோறு தின்னும்போதும் பல்லில் உமி இருந்தது.

தேர்வன்று காலை நான் கிளம்பும்போது தூறல். அம்மா தார்ப்பாயின் ஓரத்தில் செங்கல்லை வைத்துக்கொண்டே, "இந்தத் தடவயாவது காய வச்சு நிறுத்து" என்றாள். சரி என்றேன். எண்பத்தைந்து என்று முடிவு செய்திருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

எனக்குக் கீழே படித்த வகுப்போடு சேர்ந்து எழுதினேன். எல்லோரும் என்னை அக்கா என்றார்கள், அது இன்னும் எரிச்சல். அவர்களுக்கும் ஒரு வகுப்புத் தலைவி இருந்தாள். "அக்கா, ஒங்களுக்கு கரெக்டா எண்பத்தஞ்சே இருக்கட்டும், நீங்க லிஸ்டுல இல்ல" என்று மரியாதையாகவே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அந்த வருடத் தேர்வாளர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். நாகப்பட்டினம் பக்கத்தில் ஏதோ கல்லூரியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார். புடவைக் கரையெல்லாம் நனைந்து சேறாகியிருந்தது. கூட நின்றவர் எங்கள் ஆசிரியர். கெட்டவர் இல்லை, ஆனால் வெளியாள் முன்னால் துறையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று தேர்வன்று முழுக்க வேர்த்துக்கொண்டே இருப்பார்.

பத்தரைக்கு மின்சாரம் போயிற்று. தராசு பேட்டரியில் ஓடியது. கேஸ் பர்னர்கள் எரிந்தன. ஓவன் மட்டும் செத்துக் கிடந்தது. வடித்தெடுத்த படிகத்தை இரண்டு வடிதாளுக்கு நடுவில் வைத்து ஒப்புக்கு ஓர் அழுத்து அழுத்திவிட்டு எடை பார்த்தேன். இரண்டு புள்ளி ஐந்து எட்டு. நூற்று இருபத்தொன்பது சதவீதம். போன வருடத்துக்கு இது முன்னேற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தாளில் 'உலர்ந்த படிகத்தின் எடை: 1.70 கிராம்' என்று எழுதினேன். மீட்பு எண்பத்தைந்து சதவீதம். தராசு, கண்பார்வை, மனிதர் என்று மூன்று வரியையும் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இனி தேர்வாளர் என் மேசைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அவர் எதிர் வரிசையில் இருந்தார். என் முன்னால் வாட்ச் கிளாஸில், அதாவது குழிந்த ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில், படிகம் வெள்ளையாகக் குவிந்திருந்தது. கைக்கு வேலை இல்லை. கை தானாகப் போய் ஒரு துணுக்கை எடுத்தது. வாயும் தானாகத் திறந்தது. பல்லிடுக்கில் வைத்துக் கடித்தேன்.

டக்கென்று முறியவில்லை. வழுக்கிக்கொண்டு நசுங்கியது. இன்னும் காயவில்லை என்று மனம் தீர்ப்புச் சொன்ன அதே நேரத்தில் நாக்கில் ஒரு புளிப்பும், தொண்டையில் ஒரு காந்தலும் வந்தன. அப்போதுதான் நான் நிற்பது குடவாசல் சாலையில் இல்லை என்று உறைத்தது. இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் பெரிதாக வந்தது. நிமிர்ந்தால் தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லித் தருவது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் இருக்கும். நான் அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் நின்றிருந்தேன்.

"ஏம்மா, இப்ப வாயில என்ன போட்டீங்க?" தேர்வாளர் மேசையைச் சுற்றி வேகமாக வந்தார். "மொதல்ல துப்புங்க."

"முழுங்கிட்டேன் மேடம்."

எங்கள் ஆசிரியர் முகம் வெளுத்தது. "சாப்பிட்டியா? லேபுல, எக்ஸாமுல, கெமிக்கலச் சாப்பிட்டியா?" என்று கத்தினார். பிறகு தேர்வாளரிடம், "மேடம், இது போன வருஷமே ஒரு கேஸுங்க. வெளிய அனுப்பிடலாம்" என்றார்.

வெளியே என்ற சொல்லைக் கேட்டதும் நாகப்பட்டினத்து ஆய்வகம், அந்த அம்மாள், பொங்கல் வரைக்கும் என்று அவர் சொன்னது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க சார்" என்றார் தேர்வாளர். "ஊறுகா கெடாம இருக்க இந்தச் சாதிச் சரக்குதான போடுறாங்க. ஒரு துணுக்குல ஒண்ணும் ஆயிடாது. யாராவது தண்ணி குடுங்க." நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எதுக்கும்மா வாயில போட்டீங்க?"

பொய் சொல்ல நேரம் இல்லை. "காஞ்சிடுச்சான்னு பாத்தேன் மேடம்."

"கடிச்சா?"

"நெல்லுக்கு அப்படித்தாங்க மேடம் பாப்போம். ஒரு வாரமா அதே வேலை. கை பழகிடுச்சு."

அவர் முகத்தில் ஏதோ மாறியது. சிரிப்பா என்று எனக்கு நிச்சயமில்லை. "காஞ்சிருந்துச்சா?" என்றார்.

"இல்ல மேடம். ஈரம்" என்றேன். எனக்குத் தெரிந்த கேள்வி என்பதால் பதில் டாண் என்று வந்தது. வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது புரிந்தது. என் தாள் அவர் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. உலர்ந்த படிகத்தின் எடை என்று என் கையெழுத்திலேயே, அடிக்கோட்டோடு.

அவர் தாளைப் பார்த்தார். படிகத்தைப் பார்த்தார். வாட்ச் கிளாஸை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "நான் ஒருவாட்டி நிறுத்துப் பாக்கட்டுமா?"

மழைக் காற்றில் மறுபடி ஈரம் ஏறிவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சொல்லியிருப்பேன். அந்தப் பொய்யைத் தாங்க இன்னொரு பொய், அதைத் தாங்க இன்னொன்று என்று நினைத்ததும் அலுப்பாக இருந்தது. "வேணாங்க மேடம். ரெண்டு புள்ளி அஞ்சு எட்டு காட்டும்" என்றேன்.

"அப்ப இந்த ஒண்ணு புள்ளி ஏழு?"

"நானா எழுதினது."

சுற்றிலும் முப்பது தலைகள் குனிந்திருந்தன. எல்லோரும் அப்படித்தான் மேடம் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. மாட்டியாயிற்று, இதற்கு மேல் வாயைத் திறந்து என்ன ஆகப் போகிறது என்று இருந்தது, அவ்வளவுதான்.

சொல்லவும் தேவைப்படவில்லை. தேர்வாளர் பக்கத்து மேசைத் தாளை எடுத்தார். எண்பத்து நான்கரை. அடுத்தது எண்பத்தாறு. அடுத்தது எண்பத்தைந்தரை. வரிசையாக ஏழெட்டுத் தாள்களைப் பார்த்துக்கொண்டே போனார். எங்கள் ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே மழையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். வகுப்புத் தலைவி அழுதுவிடுவாள்போல இருந்தாள்.

தேர்வாளர் தாள்களை அடுக்கி வைத்தார். "நாங்க படிச்சப்ப எண்பத்திரெண்டு" என்றார்.

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆசிரியர்கூட.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு" என்றார் தேர்வாளர், சிரிப்பு அடங்கியதும். "எல்லாரும் ஒழுங்காக் காய வச்சு நிறுத்துங்க. வர்றத எழுதுங்க. கொறஞ்சதுக்காக மார்க்கக் கொறைக்க மாட்டேன். ஏன் கொறஞ்சுதுன்னு எழுதலேன்னா கொறைப்பேன்." போகும்போது என் தாளைத் தொட்டுக் காட்டி, "கிழிச்சிடாதீங்க. பழச ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு அதுக்குக் கீழயே எழுதுங்க" என்றார்.

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியாமல் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டேன். வெளியே அனுப்பவில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.

ஓவன் இல்லாமல் காயவைப்பதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. முதலில் புது வடிதாளில் வைத்து ஒற்றினேன். தாள் நனைந்ததும் வேறு தாள், அதுவும் நனைந்ததும் வேறு. பிறகு ஒரு பீக்கரில் வெந்நீர் வைத்து, அதன் வாயில் வாட்ச் கிளாஸை உட்காரவைத்து, படிகத்தை மெல்லிசாகப் பரப்பினேன். கண்ணாடிக் கோலால் கோடு கோடாகக் கிளறிவிட்டேன். சாலையில் காலால் செய்வதை இங்கே கோலால் செய்தேன். மேல் இருப்பது காய்ந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது, அடியில் இருப்பதை மேலே கொண்டுவர வேண்டும். இதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை. பக்கத்து மேசைப் பெண் என்னைப் பார்த்து அப்படியே செய்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள்.

எடை பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்பது மூன்று. மறுபடி கிளறி, மறுபடி பார்த்தேன். ஒன்று புள்ளி ஐந்து ஆறு. எண்பத்தைந்துக்குக் கீழே போய்விட்டதே என்று எண்ணை இரண்டு தரம் பார்த்தேன். அப்புறம் ஒன்று புள்ளி நான்கு மூன்று. அப்புறம் ஒன்று புள்ளி நான்கு இரண்டு. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்று புள்ளி நான்கு இரண்டு. நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன். மாறவில்லை. தண்ணீர் போக வேண்டியது போய்விட்டது, இனி நிற்பது சரக்கு மட்டும். அந்த எண் அசையாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

எழுபத்தொரு சதவீதம். பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். சுற்றிலும் ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்புத் தலைவிக்கு அறுபத்து மூன்று. ஒருவனுக்கு முப்பத்தெட்டு. வடிக்கும்போது பாதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டானாம், அதை அவன் ஏதோ பரிசு வாங்கியவனைப்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் இரண்டு பேருக்கு ஒரே எண் வரவில்லை.

பிறகு 'பிழைக்கான காரணங்கள்'. தராசையும் கண்ணையும் மனிதரையும் அடித்துவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தால் இரண்டு கிராமில் எங்கெங்கே என்னென்ன போயிற்று என்று எனக்கே தெரிந்திருந்தது. கரைய மாட்டேன் என்கிறதே என்று அவசரத்தில் தண்ணீரை அதிகம் ஊற்றியிருந்தேன். அதிலேயே கொஞ்சம் கரைந்து நின்று வடிநீரோடு போய்விட்டது. புனலை முதலில் சூடாக்க மறந்ததால் அதன் தண்டிலேயே கொஞ்சம் படிகமாகி ஒட்டிக்கொண்டது. சுரண்டியும் வரவில்லை. வாங்கின இரண்டு கிராமிலேயே அழுக்கும் சேர்த்திதான், அது திரும்பி வரவே வராது. இதையெல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: 'காய்ந்ததா என்று பார்க்க ஒரு துணுக்கைக் கடித்தேன். அது என் வயிற்றுக்குள் போய்விட்டது.'

தேர்வாளர் வந்து உட்கார்ந்து படித்தார். நான் எதிரில் நின்று அந்தத் தாளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று வரியையும் சத்தமில்லாமல் படித்தார். நான்காவதில் நின்றார்.

"இது எவ்வளவு இருக்கும்?"

"சென்டிகிராம்கூட இருக்காதுங்க மேடம்."

"தராசு அவ்வளவு நுணுக்கமாக் காட்டாதே. அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"போனது போனதுதானங்க மேடம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவால் நான்காவது வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். மற்ற மூன்றுக்கும் அப்புறம்தான் போட்டார். "போன வருஷம் ஏன் ஃபெயில் ஆனீங்க?" என்று கேட்டார்.

"நூத்திப் பன்னெண்டு வந்துச்சுங்க மேடம். ஈரத்தோட நிறுத்திட்டேன். ஏன்னு கேட்டப்பச் சொல்லத் தெரியல. வீட்டுக்குப் போனதும் எங்கம்மாதான் சொன்னாங்க."

"இப்பத் தெரியுதுல்ல, போங்க" என்றார்.

மதியம் மழை விட்டிருந்தது. கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுகச் சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. என் தொண்டையில் அந்தக் காந்தல் இன்னும் கொஞ்சம் இருந்தது. வீட்டுக்குப் போனதும் நடந்ததை அம்மாவிடம் முழுதாகச் சொன்னேன். எண்பத்தைந்து எழுதியதையும் சேர்த்து. அதற்கு ஒரு திட்டு விழுந்தது. கடித்ததைச் சொன்னபோது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடிப் பாவி, துப்பக்கூடத் தெரியலையா" என்றாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. டிக் போட்டவர் மார்க்கும் போட்டாரா என்று எப்படித் தெரியும்? மார்கழியில் ஒரு காலை, கடை வேலையாகக் குடவாசலுக்கு வந்த இடத்தில், பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ரிசல்ட் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. போனில் என் எண்ணை அடித்தேன். திறந்தது. மூடிவிட்டு இன்னும் இரண்டு முறை திறந்தேன். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பாஸும்மா. நான் பாஸாயிட்டேன். நாகப்பட்டினம் போறேன்."

அந்தப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் ஓடுவதும் அப்பா யார் போனில் என்று கேட்பதும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் ஒரு மாதிரி உடைந்து வந்தது.

"நெசந்தானடி? நல்லாக் கடிச்சுப் பாத்தியா?"

"மூணு வாட்டி பாத்துட்டேம்மா" என்றேன். "மாறல."